வீட்டிலேயே ஒரு நிதானமான மாலை: தம்பதியருக்கான எண்ணெய்த் தடவல், படிப்படியாக

எண்ணெய் ஆறிப்போய்விடும். துண்டு எடுக்க ஒருவர் எழுந்து போவார். கொசு கடிக்கும். காலிங் பெல் அடிக்கும். இவற்றில் இரண்டு நடந்தாலே, ஆசையோடு ஒதுக்கி வைத்த மாலை கலைந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்காகத்தான்: படுக்கையில் உட்கார்ந்த பிறகு இருவரில் யாரும் எழுந்து போகும்படி ஆகக் கூடாது.

சென்னை, மதுரை, திருச்சி போல வெயில் அதிகமுள்ள ஊரில், ஒரு படுக்கையறையும் 15 லிட்டர் கீசரும் உள்ள சாதாரண வீட்டை மனதில் வைத்து எழுதியது இது. ஏற்பாட்டுக்கு ஒரு மணி நேரம், குளியலுக்கும் தடவலுக்கும் இரண்டு மணி நேரம் ஆகும். முதல் முறை விளக்கு, விரிப்பு எல்லாம் வாங்க வேண்டியிருப்பதால் 700 முதல் 1,000 ரூபாய் வரை வரலாம். அடுத்த முறையிலிருந்து எண்ணெய்க்கும் பூவுக்கும் மட்டும்தான் செலவு.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இது சனிக்கிழமை தலைமுழுக்கு அல்ல. எண்ணெய் முழுக்கு அன்று தாம்பத்தியம் கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கடைப்பிடிப்பவர்கள் முழுக்கு நாளைத் தவிர்த்து வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தலைக்கு எண்ணெய் கிடையாது. இரவில் தலை நனைந்தால் கூந்தல் காய்வதற்குள் நள்ளிரவாகிவிடும், அந்த ஈரத்தோடு யாராலும் நிம்மதியாகச் சாய முடியாது.

1. நாள் குறிப்பது, முன்கூட்டியே பேசுவது

ஞாயிறு மாலை வேண்டாம். மறுநாள் டிபன் பாக்ஸ், யூனிஃபார்ம், அலுவலகம் எல்லாம் மண்டைக்குள் ஓடும். வெள்ளி அல்லது சனி இரவு நல்லது. குழந்தைகள் இருந்தால் அவர்கள் தூங்கி அரை மணி கழித்துத்தான் தொடங்க வேண்டும். பாட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் ஏற்பாடு செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்றவர் அன்று தலைவலியோடு வந்திருக்கலாம், மாதவிலக்கு முதல் நாளாக இருக்கலாம், சும்மா தூங்கினால் போதும் என்று இருக்கலாம். இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அப்போதே மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: எங்கே வலிக்கிறது, எங்கே தொட்டால் பிடிக்காது, அன்றைக்கு வெறும் தடவலோடு நின்றால் போதுமா? கடைசிக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். முடிவு எங்கே போக வேண்டும் என்ற கணக்கு ஒருவர் மனதில் ஓடினால், மற்றவரின் தோள் அதை உடனே உணர்ந்து இறுகிவிடும்.

காய்ச்சல், தோலில் புண் அல்லது படை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் தடவல் வேண்டாம். ஒற்றைக் கால் வீக்கம் ரத்தக் கட்டியாக இருக்கக்கூடும், அதை அழுத்துவது ஆபத்து. உடனே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணியாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, குப்புறப் படுக்க வைக்காமல், இடப்பக்கமாகச் சாய வைத்து மென்மையாக மட்டும் தடவலாம்.

2. எண்ணெய்: லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்

நல்லெண்ணெய்தான் முதல் தேர்வு. தோலில் நிதானமாக ஊறும், சீக்கிரம் காய்ந்து இழுக்காது. தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், ஏசி அறையில் கிண்ணத்தின் ஓரத்திலேயே வெள்ளையாகக் கட்டும். கடுகெண்ணெய் சிலருக்கு எரிச்சல் தரும், முதல் முறைக்கு வேண்டாம்.

பலரும் ஏமாறுவது கடையில்தான். நல்லெண்ணெய் அலமாரிக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே நிற பாட்டிலில், விலை குறைவாக விளக்கு எண்ணெய் இருக்கும். தீப எண்ணெய், பூஜை எண்ணெய் என்று பெயர் மாறும். அது பல எண்ணெய்களைக் கலந்தது, தோலுக்காகத் தயாரித்தது அல்ல. சாப்பிடும் எண்ணெய் பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும், விளக்கு எண்ணெயில் இருக்காது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். செக்கெண்ணெய் என்றால் தயாரித்த தேதியையும் பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடையை எந்த வாசனைத் தைலமும் மறைக்காது.

அளவு: முதுகுக்கு மட்டும் 15 முதல் 20 மி.லி., கழுத்திலிருந்து பாதம் வரை ஒருவருக்கு 50 முதல் 60 மி.லி. இருவருக்கும் சேர்த்து 120 மி.லி. போதும். கால் லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கினால் இரண்டு மாலைக்கு வரும்.

முதல் முறை என்றால், ஒரு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் இரண்டு சொட்டு தடவி 24 மணி நேரம் பாருங்கள். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அரிப்போ தடிப்போ வந்தால் எண்ணெயை மாற்ற வேண்டியதுதான்.

3. மணம் ஒன்றே ஒன்று

மல்லிகை, சாம்பிராணி, ஊதுபத்தி, வாசனை மெழுகுவத்தி, லாவெண்டர் தைலம் எல்லாம் ஒரே அறையில் சேர்ந்தால் அரை மணியில் தலைவலிதான் மிஞ்சும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் பரிந்துரை மல்லிகை. மாலை 4, 5 மணிக்கு மொட்டாகவே இரண்டு முழம் வாங்கி, ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றி வையுங்கள். இருட்டிய பிறகு தானாக விரியும், தடவல் தொடங்கும் நேரத்துக்கு மணம் உச்சத்தில் இருக்கும். முற்பகலில் வாங்கினால் இரவுக்குள் வாடிவிடும். முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலையிலும், மார்கழி, தை மாதங்களிலும் விலை பல மடங்கு ஏறும். அந்த நாட்களில் வெட்டிவேருக்குப் போய்விடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு சிறு கட்டு வாங்கி, கழுவி, குளிக்கும் வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டால் போதும். கோடைக்கு அதைவிட இதமான மணம் கிடையாது.

சாம்பிராணிதான் வேண்டும் என்றால் மாலை 5 மணிக்கே, ஜன்னல்களைத் திறந்து வைத்துப் போட்டு முடித்து, கரியை வெளியே எடுத்துவிட வேண்டும். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வெளியிடும். மூடிய ஏசி அறைக்குள் அதை வைத்துக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்கள் புகை எதுவும் போட வேண்டாம்.

வாசனைத் தைலம் கலப்பதாக இருந்தால் 60 மி.லி. நல்லெண்ணெய்க்கு 12 சொட்டு. அதற்கு மேல் வேண்டாம். லேபிளில் ‘எசென்ஷியல் ஆயில்’ என்றும் செடியின் தாவரவியல் பெயரும் இருக்க வேண்டும். ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்றிருந்தால் அது மெழுகுவத்திக்கும் டிஃப்யூசருக்கும் உரியது. 10 மி.லி. சந்தனத் தைலம் 150 ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் சந்தனம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இலவங்கம், பட்டைத் தைலங்கள் தோலைச் சுடும், கலக்காதீர்கள்.

4. அறை: வெளிச்சம், காற்று, கொசு

நம் வீடுகளின் டியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், பகல் போன்ற நீல வெள்ளை. அதன் கீழே யாரும் இளக மாட்டார்கள். மின்சாதனக் கடையில் ‘வார்ம் வைட்’ அல்லது 2700 கெல்வின் என்று கேட்டு 5 வாட் எல்.இ.டி. பல்ப் ஒன்று வாங்குங்கள். அதை ஒரு சிறு மேசை விளக்கில் பொருத்தி, தரையில் சுவரைப் பார்த்தபடி வையுங்கள். வெளிச்சம் எப்போதும் படுத்திருப்பவரின் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். மல்லாந்து படுக்கும்போது கூரை விளக்கு நேரே கண்ணில் அடிக்கும். விளக்கின் மேல் துணி போட்டு மங்கலாக்குவது தீப்பிடிக்கும் வழி, வேண்டவே வேண்டாம். மெழுகுவத்தி பிடிக்கும் என்றால் கனமான கண்ணாடி டம்ளருக்குள், திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் ஆடிப் புகைந்துகொண்டே இருக்கும்.

கொசுவுக்கு மாலை 5.45-க்குள் ஜன்னல்களை அடைத்துவிடுங்கள். 6.30-க்கு லிக்விட் மெஷினைப் போட்டு அறைக் கதவை மூடி வையுங்கள். கொசுவத்திச் சுருள் மல்லிகையின் மணத்தையே அழித்துவிடும். எண்ணெய் பூசிய உடம்பில் கொசு விரட்டும் க்ரீம் போடவும் முடியாது. அதனால் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏசி 26, 27 டிகிரி. வழக்கம்போல 23-ல் வைத்தால் அசையாமல் படுத்திருப்பவருக்குப் பத்து நிமிடத்தில் குளிர் எடுக்கும், தசை இறுகும். ஏசி இல்லையென்றால் மின்விசிறியை மெதுவான வேகத்தில், நேரே உடம்பில் படாத கோணத்தில் வையுங்கள்.

இசை வேண்டுமானால் வீணையோ புல்லாங்குழலோ, பாட்டு வரி இல்லாததாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே டவுன்லோட் செய்து வையுங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் எல்லாம் போயிற்று. நீலாம்பரி தாலாட்டுக்கு உரிய ராகம், தூக்கத்துக்கே கொண்டுபோய்விடும். தூங்குவதுதான் நோக்கம் என்றால் அதையே போடலாம், இல்லையென்றால் ஆனந்தபைரவி போல வேறொன்றைப் பாருங்கள். போனை ‘டூ நாட் டிஸ்டர்ப்’-ல் போட்டு, அம்மா அப்பா எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். முழுக்க அணைத்துவிட்டால் அந்தக் கவலையே உறுத்தும்.

5. விரிப்பும், கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டியவையும்

மெத்தை மேல் முதலில் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பாக. ரப்பர் ஷீட்டை நேரடியாகப் போட்டால் வேர்த்து ஒட்டும். ஸ்பிரிங் மெத்தையில் கை அழுத்தம் எல்லாம் மெத்தைக்குள் போய்விடுகிறது. முட்டி வலி இல்லாதவர்கள் தரையில் பாயும், இரண்டு ஜமக்காளமும், அதன் மேல் வேட்டியும் விரித்தால் தடவல் பிரமாதமாக வரும்.

ஒரு தாம்பாளத்தில் இவை இருக்க வேண்டும்: எண்ணெய்க் கிண்ணம், இரண்டு உலர்ந்த துண்டுகள், குடிக்க இளஞ்சூடான தண்ணீர், டிஷ்யூ, கணுக்காலுக்கு அடியில் வைக்கச் சுருட்டிய துண்டு ஒன்று. போர்த்த இன்னொரு மெல்லிய வேட்டி. படுக்கையிலிருந்து குளியலறை வரை பழைய துண்டுகளையோ சணல் மிதியடிகளையோ வரிசையாகப் போடுங்கள். எண்ணெய்ப் பாதத்தோடு டைல்ஸ் தரையில் வழுக்கி விழுவதுதான் இந்த மாலையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து.

6. சாப்பாடு

7 மணிக்கு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று பாதி வயிற்றுக்கு. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் குப்புறப் படுக்க முடியும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு இதைத் தொடங்காதீர்கள்.

7. முதலில் குளியல், பிறகு எண்ணெய்

பலரும் எண்ணெய் தடவிக் குளிப்பார்கள். இரவு நேரத்துக்கு அந்த வரிசையை மாற்றிவிடுவது நல்லது. வெந்நீரில் வியர்வை போய், தசை இளகிய உடம்பில் எண்ணெய் நன்றாகப் பிடிக்கும், முடிந்த பிறகு எழுந்து குளிக்கப் போக வேண்டியதும் இல்லை.

15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 28 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம். அந்த 15 லிட்டரோடு 25 லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 40 டிகிரியில் 40 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு வாளி என்று இருவருக்கும் போதும். 8 மணிக்குப் போட்டு 8.20-க்கு அணைத்துவிடுங்கள், அணைத்த பிறகே குளியுங்கள். கேஸ் கீசர் உள்ளவர்கள் குளியலறை வென்டிலேட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடால் உயிர் போனவர்கள் உண்டு.

சோப்பைக் குறைத்து, மூன்று மேசைக்கரண்டி பாசிப்பயறு மாவைக் குழைத்துத் தேய்த்துக் கொள்ளலாம், தோல் வறளாது. இடம் இருந்தால் இருவரும் சேர்ந்தே குளிக்கலாம், ஒருவர் முதுகை மற்றவர் தேய்த்துவிடலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், களைப்பாகிவிடும்.

8. எண்ணெயையும் துண்டையும் சூடாக வைப்பது

அடுப்பில் நேராக வைத்தாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் எண்ணெய் ஒரே சூடாக இருக்காது, சில விநாடியில் தோல் கொப்பளிக்கும் அளவுக்கு ஏறிவிடும். ஹாட்பாக்ஸில் பாதி அளவு வெந்நீர் ஊற்றி, அதற்குள் மூடியுள்ள சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெயை வைத்து மூடுங்கள். கொதிநீர் அல்ல, கை சற்றுப் பொறுக்காத சூடு போதும். பத்து நிமிடத்தில் தயார், முக்கால் மணி நேரத்துக்கு இளஞ்சூடு நிற்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுருக்கென்று இருக்கக் கூடாது.

இரண்டாவது ஹாட்பாக்ஸில், வெந்நீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துண்டுகள் நான்கைச் சுருட்டி வையுங்கள். கடைசியில் எண்ணெயைத் துடைக்க இவைதான், ஒருவருக்கு இரண்டு.

9. தடவும் முறை

தடவுபவர் நகத்தை வெட்டி, மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். படுத்திருப்பவரின் சங்கிலியோ தாலிக்கொடியோ முதுகில் படாமல் முன்பக்கம் ஒதுக்கிக் கொள்ளட்டும். இப்போது தடவாத பகுதியை வேட்டியால் மூடியே வையுங்கள். சூடும் போகாது, கூச்சமும் தெரியாது.

எண்ணெயை உடம்பில் ஊற்றாதீர்கள். உங்கள் உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி எடுத்து, இரு கையும் தேய்த்துச் சூடாக்கி, பிறகு தொடுங்கள். மறுபடி எண்ணெய் எடுக்கும்போது ஒரு கை அவர் உடம்பிலேயே இருக்கட்டும். கை விட்டுப் போய்த் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் உடம்பு லேசாக அதிரும்.

முதுகு, 15 நிமிடம். இடுப்பிலிருந்து இரு உள்ளங்கையும் தட்டையாக வைத்து, முதுகெலும்பின் இருபக்கமும் தோள் வரை மெதுவாக ஏற்றி, பக்கவாட்டில் இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு அவர் மூச்சு ஒரு முறை உள்ளே போய் வெளியே வரும் நேரம். ஆறு, ஏழு முறை. பிறகு கட்டைவிரல்களால் எலும்புக்கு இரு விரல் தள்ளி, கீழிருந்து மேலாகச் சிறு வட்டங்கள். எலும்பின் மேலேயே அழுத்தக் கூடாது. விரலால் அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் உங்கள் கை வலிக்கும். முழங்கையை நீட்டி, உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசையில்தான் கணினி முன் உட்காருபவர்களின் வலி முழுக்க இருக்கும். அதை உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் இடையில் பிடித்து, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். கழுத்தின் முன்பக்கத்தை அழுத்தவே கூடாது.

கால்கள், தலா 5 நிமிடம். கணுக்காலிலிருந்து மேல் நோக்கித்தான். முட்டியின் பின்குழியைத் தொடாமல் தாண்டுங்கள். நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பாதத்துக்கு அவசரப்படாதீர்கள். குதிகாலிலிருந்து விரல் வரை கட்டைவிரலால் இழுத்து, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுழற்றுங்கள். மென்மையாகத் தொட்டால் பாதம் கூசும், அழுத்தினால் கூசாது. பிறகு மல்லாந்து படுக்க வைத்து கைகள், உள்ளங்கை, நெற்றி. முகத்துக்கு வாசனைத் தைலம் கலக்காத எண்ணெய் இரண்டு சொட்டு.

அழுத்தம் சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவே இடைஞ்சல். தொடங்கும் முன் மூன்று சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: ‘மெதுவா’, ‘அழுத்தி’, ‘அங்கேயே’. படுத்திருப்பவர் அவற்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மரியாதைக்காக வலியைப் பொறுத்துக்கொண்டால் மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தம்பதியருக்காக வகுத்த ‘சென்சேட் ஃபோகஸ்’ பயிற்சியின் முதல் கட்டம் இங்கே மிகவும் உதவும். ஒருவர் தொடுவார், மற்றவர் உணர்வதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். விலக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் எதிர்பார்ப்பின் பதற்றம் போய்விடும். முன்கை, காதின் பின்புறம், முட்டிக்கு மேல் உள்ள தொடை என்று மறந்துபோன இடங்களெல்லாம் அப்போதுதான் விழிக்கும். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், பிறகு அதிலும் பாதியாக. விரல் நுனியும் உள்ளங்கையும் மூச்சுக்காற்றும் வெவ்வேறு உணர்வு தருவதைப் பொறுமையாகச் செய்து பாருங்கள்.

10. துடைப்பதும், அதன் பிறகும்

சூடான துண்டை விரித்து முதுகின் மேல் போட்டு, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, மேலிருந்து கீழே துடையுங்கள். எழுந்ததும் இருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும், முதலில் ஒரு நிமிடம் உட்காரட்டும்.

கூடல் வரை போகும் எண்ணம் இருந்தால் இதை மறக்காதீர்கள்: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பேபி ஆயில் எதுவானாலும் லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிக் கிழிய வைக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடம்பில் உள்ள எண்ணெயைத் துடைத்த பிறகே ஆணுறையைத் தொட வேண்டும். வழுவழுப்பு தேவைப்பட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும், தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல்தான். வாசனைத் தைலம் கலந்த எண்ணெய் அந்தரங்க உறுப்புகளில் படவே கூடாது, கடுமையாக எரியும். ஜெல், கை துடைக்க ஈரத் துண்டு இரண்டையும் தாம்பாளத்திலேயே முன்கூட்டி வைத்துவிடுங்கள்.

11. மறுநாள் காலை

எண்ணெய்த் துணிகளைக் கூடையில் சுருட்டிப் போட்டு வைக்காதீர்கள், சிக்கு வாடை ஏறினால் போகாது. பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மூடி கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, பிறகு வாஷிங் மெஷினில் தனியாகப் போட்டு, வெயிலில் காயவையுங்கள். குளியலறைத் தரையையும் அதே லிக்விட் போட்டுத் தேய்த்துவிடுங்கள், அடுத்துக் குளிக்கப் போகும் குழந்தையோ மாமியாரோ வழுக்கக் கூடாது.

கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். தைலம் கலக்காததாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் கால் வெடிப்புக்குத் தடவித் தீர்த்துவிடுங்கள். தைலம் கலந்தது என்றால் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, படுக்கையறை அலமாரியில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சமையலறைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், தெரியாமல் யாராவது தோசைக்கு ஊற்றிவிடுவார்கள்.